பஞ்சைக் கழுவியபின் ஏறிய அமோனியா

வணக்கம். கடல்மீன் தொட்டி வைத்து ஒரு மாதம், ஃபில்டரில் இருந்த பஞ்சு, பீங்கான் வளையம் எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவினீர்கள், மறுநாளே அமோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), இரண்டு கிளவுன் மீன்களும் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அந்தக் கழுவல்தான் என்று நினைக்கிறேன். மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உண்டாகும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்த வளையங்களில்தான் ஒட்டி வளரும். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைக் கொன்றுவிடும்.

கடல்நீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 8.2 அளவில் இருப்பதால், அதே அமோனியா நன்னீர்த் தொட்டியில் இருப்பதைவிட இங்கே அதிக விஷம். அதனால் தள்ளிப்போடாதீர்கள். இன்றே 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். புது உப்புநீரை முன்கூட்டியே கலக்கி, அடர்த்தியும் வெப்பமும் தொட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே ஊற்றுங்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். ஏர் பம்ப் இருந்தால் ஓடவிடுங்கள். கடையில் பாக்டீரியா பாட்டில் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அப்புறம், அழுக்கு பிடிக்கும் பஞ்சை மட்டும் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அலசுங்கள். வளையங்களைத் தொட வேண்டாம். அடைத்துக்கொண்டால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே லேசாக அலசினால் போதும். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு உப்புநீர் ஊற்றாதீர்கள், ஆர்ஓ நீர்தான். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை தினமும் சோதியுங்கள், புது மீன் எதுவும் விடாதீர்கள். நாளைய அளவை இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.