யூனிட் கணக்கும் கழிவுநீரும்: சேலம் தொழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மீட்டரும் சென்சாரும் செல்போன் செயலியும் சிறு ஆலைகளுக்குள்ளும் வந்துவிட்டன. இவற்றால் மின்சாரமும் தண்ணீரும் மிச்சமாகுமா, எங்கே தொடங்குவது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரும் தொழிலும் மட்டும்.

விசைத்தறி உரிமையாளர், இளம்பிள்ளை: என்னிடம் 24 தறிகள் உள்ளன. தறிக்கு ஒரு சென்சார் மாட்டினால் எல்லாவற்றையும் செல்போனிலேயே பார்க்கலாம், கரண்ட் பில்லும் குறையும் என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

சென்சார் மாட்டியதால் மட்டும் ஒரு யூனிட்கூடக் குறையாது. அது காட்டுவதைப் பார்த்து யார், எப்போது, எதைச் சரிசெய்வது என்று முடிவான பிறகு வாங்குங்கள். அதற்கு முன்னால் ஒரு காகிதக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அங்குலத்துக்கு 60 ஊடை (குறுக்கு நூல்) உள்ள துணி என்றால் ஒரு மீட்டருக்கு 39.37 × 60, அதாவது சுமார் 2,360 ஊடை. தறி நிமிடத்துக்கு 150 ஊடை ஓடினால் ஒரு மீட்டர் நெய்ய 16 நிமிடம் ஆகும். மோட்டார் சராசரியாக அரை கிலோவாட் இழுத்தால் மீட்டருக்கு 0.13 யூனிட். மின்சாரத்தையும் துணியையும் உங்கள் தறிக்கூடத்தில் உண்மையாக அளந்தால் இந்த 0.13 வராது, 0.18, 0.2 என்று வரும். நடுவில் இருக்கும் வித்தியாசத்தைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும். ஊடை அறுந்து தறி நின்ற பிறகும் மோட்டார் வெறுமனே சுற்றுவது, பெல்ட் வழுக்குவது, காய்ந்த பேரிங், இரண்டு மூன்று முறை ரீவைண்டிங் பார்த்த மோட்டார் ஆகியவை வழக்கமான காரணங்கள். விசைத்தறிக்கு இரு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம். 24 தறியும் தினம் 10 மணி நேரம் ஓடினால் அது ஒன்பதாம் நாளே தீர்ந்துவிடும். அதற்கு மேல் ஓடுவதெல்லாம் உங்கள் காசு.

தறிக்கொரு மின்மீட்டர் தேவையில்லை. 8 தறிக்கு ஒரு பேனல் என்று பிரித்து, பேனலுக்கு ஒரு மூன்று பேஸ் மீட்டர் வையுங்கள், ஆர்.எஸ்.485 இணைப்பு (அளவைக் கணினிக்கு அனுப்பும் வயர் வழி) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தறியின் கிராங்க் தண்டில் ஒரு பிராக்ஸிமிட்டி சென்சார் (தொடாமலே சுற்றை எண்ணுவது) போதும். தண்டு ஒரு சுற்று சுற்றினால் ஓர் ஊடை. அந்த எண்ணிக்கையிலிருந்து துணியின் மீட்டர் கணக்கு தானே வந்துவிடும்.

தவறு நடப்பது பெரும்பாலும் வயரிங்கில்தான். மீட்டருக்குக் கரண்ட்டை அளந்து கொடுக்கும் சி.டி. மூன்றில் ஒன்றைத் திருப்பி மாட்டினால், அந்த பேஸ் கழித்தல் குறியோடு வந்து, மொத்த அளவு உண்மையில் மூன்றில் ஒரு பங்காகக் காட்டும். இதைப் பார்த்துவிட்டு 'மிச்சமாகிறது' என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. மூன்று பேஸின் கிலோவாட்டையும் தனித்தனியாகத் திரையில் பாருங்கள். மூன்றும் கூட்டல் குறியோடு, ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். சி.டி.யில் விகிதம் 100/5 என்று அச்சிட்டிருக்க, மீட்டரில் 50/5 என்று பதிந்திருந்தால் பாதிதான் காட்டும். லோடு ஓடும்போது சி.டி.யின் இரண்டாம் பக்க வயரை (மீட்டருக்குப் போகும் வயரை) ஒருபோதும் கழற்றாதீர்கள். திறந்த முனையில் ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்ட்டேஜ் எழும்.

ஆர்.எஸ்.485 கேபிள் ஒரு மீட்டரிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும், நடுவிலிருந்து கிளை பிரியக்கூடாது. இரண்டு கோடிகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். இரண்டு மீட்டருக்கு ஒரே முகவரி எண் கொடுத்துவிட்டால் இரண்டுமே உளறும். மோட்டார் கேபிளோடு இதைச் சேர்த்துக் கட்டினால் தறி ஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் தகவல் அறுபடும்.

உதிரிபாகப் பட்டறை, இரும்பாலை சாலை, சேலம்: 30 எச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரஸர் வைத்திருக்கிறோம். காற்று போதவில்லை, இன்னொன்று வாங்கலாம் என்கிறார் சூப்பர்வைசர். என்ன செய்வது?

வாங்குவதற்கு முன் கசிவை அளந்துவிடுங்கள். பல பட்டறைகளில் இரண்டாவது கம்ப்ரஸர் ஓட்டைக்குத்தான் ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு, மெஷின் வரை போகும் காற்றுக் குழாய்களின் வால்வுகளை மட்டும் திறந்து வைத்து, கம்ப்ரஸரை ஓட்டுங்கள். அது லோடு எடுத்து ஓடும் நேரத்தையும், அன்லோடில் சும்மா சுற்றும் நேரத்தையும் பத்துச் சுற்றுக்குக் குறித்துச் சராசரி எடுங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் கசிவுச் சதவீதம் கிடைக்கும். லோடு 90 நொடி, அன்லோடு 210 நொடி என்றால் கசிவு 30 சதவீதம். லோடில் 24 கிலோவாட் இழுக்கும் கம்ப்ரஸருக்கு அது 7 கிலோவாட்டுக்கு மேல். தினம் 16 மணி நேரம், மாதம் 25 நாள் என்று வைத்தால் 2,800 யூனிட்டுக்கு மேல் காற்றோடு போகிறது. 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவதை இலக்காக வையுங்கள். உங்களுடையது வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்த கம்ப்ரஸர் என்றால் இந்த முறை ஒத்துவராது. மெஷின்கள் நின்றிருக்கும்போது அது எத்தனை கிலோவாட் இழுக்கிறது என்று பாருங்கள்.

கசிவை எங்கே தேடுவது? பைப் லைனில் தேடுவதற்கு முன் மெஷின் பக்கம் போங்கள். நுனி பிய்ந்த பி.யூ. டியூபை (பிளாஸ்டிக் காற்றுக் குழாயை) அப்படியே புஷ்-ஃபிட் இணைப்பில் செருகியிருப்பார்கள். டியூபின் நுனியைச் சதுரமாக வெட்டிச் செருகினாலே பாதி நிற்கும். குயிக் கப்ளிங்கின் ஓ-ரிங், ஃபில்டர்-ரெகுலேட்டர் கிண்ணத்தின் அடி, தூசி சிக்கித் திறந்தே நிற்கும் ஆட்டோ டிரெயின் வால்வு ஆகியவற்றை அடுத்தடுத்துப் பாருங்கள். சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். 7 பார் லைனில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தாலே 3 கிலோவாட் அளவுக்குத் தின்னும். அழுத்தத்தையும் பாருங்கள். எந்த மெஷினுக்கும் 6 பாருக்கு மேல் தேவையில்லை என்றால் கம்ப்ரஸரை 8-இல் வைக்காதீர்கள். ஒரு பார் குறைத்தால் மின்சாரம் 6, 7 சதவீதம் குறையும்.

இதன் பிறகு கம்ப்ரஸருக்கு மட்டும் ஒரு இணைய மீட்டர் வைப்பது பயனுள்ள செலவு. ஆனால் 15 நிமிடச் சராசரியைச் சேமித்தால் லோடும் அன்லோடும் கலந்து ஒரே கோடாகிவிடும். 10 நொடிக்கு ஒரு பதிவு வேண்டும். ராத்திரி 2 மணிக்கு, ஆளில்லாத பட்டறையில் அந்தக் கோடு ஏறி இறங்கினால் கசிவு திரும்பிவிட்டது என்று பொருள்.

சேகோ (ஜவ்வரிசி) ஆலை, ஆத்தூர்: கழிவுநீரிலிருந்து கேஸ் எடுக்கிறோம். சில வாரம் நன்றாக வருகிறது, திடீரென்று படுத்துவிடுகிறது. ஆன்லைன் பி.எச். மீட்டர் வைத்தும் முன்கூட்டித் தெரியவில்லை. ஏன்?

டைஜஸ்டரில் (கழிவுநீரைக் காற்றில்லாமல் புளிக்கவைத்துக் கேஸ் எடுக்கும் தொட்டியில்) பி.எச். கடைசியில்தான் இறங்கும். உள்ளே இருக்கும் காரத்தன்மை முதலில் அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். அது தீர்ந்த பிறகே பி.எச். சரியும். அதற்குள் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சோர்ந்திருக்கும்.

முதலில் உங்கள் ஆலையில் எவ்வளவு கேஸ் வர வேண்டும் என்று கணக்கிடுங்கள். நாளுக்கு 50 கனமீட்டர் கழிவுநீர், அதில் சி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்றால் மொத்தம் 250 கிலோ சி.ஓ.டி. அதில் 80 சதவீதம் நீங்கினால் 200 கிலோ. நீங்கும் ஒரு கிலோ சி.ஓ.டி.க்கு 0.35 கனமீட்டர் மீத்தேன் என்பது கணக்கு. ஆக 70 கனமீட்டர். கேஸில் மீத்தேன் 60 சதவீதம் என்று வைத்தால் சுமார் 115 கனமீட்டர் கேஸ். உங்கள் கேஸ் மீட்டர் இதை ஒட்டிக் காட்டுகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கையை பி.எச்.சில் வைக்காமல், உள்ளே போகும் ஒரு கனமீட்டர் கழிவுநீருக்கு எத்தனை கனமீட்டர் கேஸ் வருகிறது என்பதில் வையுங்கள். 24 மணி நேரச் சராசரி 20 சதவீதம் இறங்கினால் அன்றே ஊட்டத்தை (உள்ளே விடும் கழிவுநீரை) பாதியாகக் குறைத்துவிடுங்கள். கூடவே வாரம் இரண்டு முறை ஆவியாகும் அமிலத்தையும் காரத்தன்மையையும் டைட்ரேஷன் செய்து பாருங்கள். ப்யூரெட் வைத்தே செய்யலாம். அமிலம் ÷ காரத்தன்மை 0.3-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 0.4-ஐத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது. பி.எச். 6.5-க்கு வந்துவிட்டால் ஊட்டத்தை முழுதாக நிறுத்துங்கள்.

இந்த நேரத்தில் பலர் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பைக் கொட்டுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சுண்ணாம்பு உள்ளே இருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாகி அடியில் கல்லாகப் படியும்; வாயு சட்டென்று குறைவதால் மூடிய டைஜஸ்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, காற்று உள்ளே இழுக்கப்படலாம், கூரையும் நசுங்கலாம். சோடியம் பைகார்பனேட்டைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதே நல்லது. விலை கூடத்தான். ஆனாலும் டைஜஸ்டரை மறுபடி சாணம் போட்டுத் தொடங்குவதைவிட அது மலிவு.

உங்கள் பி.எச். மீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை உள்ளே வரும் நீரில் வைத்திருந்தால் எப்போதும் 4, 5 என்றுதான் காட்டும். மரவள்ளிக் கழிவுநீரின் இயல்பே அது. வெளியேறும் குழாயில் வையுங்கள். மாவுப் படலம் படிந்த எலெக்ட்ரோடு நாள் முழுக்க ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். வாரம் ஒரு முறை கழுவி, 7, 4 பஃபர் இரண்டிலும் சரிபாருங்கள். சீசன் முடிந்து கழற்றினால் காயவிடாமல் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். கேஸ் மீட்டர் அதிகமாகக் காட்டுகிறது என்றால் குழாயின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். அங்கே ஒரு டிராப் (தண்ணீரைப் பிடித்து வடிக்கும் பொறி) வையுங்கள்.

கிழங்கு வரத்து இல்லாமல் ஆலை மூடியிருந்து, மறுபடி அரைவை தொடங்கும்போது முதல் வாரத்திலேயே முழு ஊட்டம் கொடுப்பதுதான் டைஜஸ்டர் படுப்பதற்கு இன்னொரு காரணம். கால் பங்கில் தொடங்கி வாரத்துக்கு வாரம் ஏற்றுங்கள். திப்பி (மாவு எடுத்த கிழங்குச் சக்கை) கலந்த நீர் உள்ளே போகாமல் சல்லடை இருக்கட்டும்.

காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் ஒரு பொறி போதும். ஆகவே கேஸ் பக்கம் வைக்கும் சென்சார், ஜங்ஷன் பெட்டி, கேமரா எல்லாம் உள்ளே எழும் தீ வெளியே பரவாத ஃப்ளேம்ப்ரூஃப் வகையாக இருக்க வேண்டும். சாதாரண வைஃபை பெட்டியை அங்கே கொண்டுபோய்க் கட்டாதீர்கள். கழிவுநீர்க் குழிக்குள் சென்சாரைச் சரிசெய்ய ஆளை இறக்கவும் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் நாற்றமே தெரியாமல் போய்விடும், இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். மேலிருந்தே இழுத்து எடுக்கும்படி பொருத்துங்கள்.

அரிசி ஆலை, ஓமலூர்: புதிதாக வைத்த கெபாசிட்டர்கள் ஒரு வருடத்துக்குள் வீங்கிவிட்டன. பவர் ஃபேக்டரும் (இழுக்கும் மின்சாரத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கு) இறங்கிவிட்டது.

ஆலையில் வி.எஃப்.டி.க்கள் கூடியிருக்குமே? அவை உண்டாக்கும் ஹார்மோனிக் கரண்ட்டை (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரும் தேவையற்ற கரண்ட்டை) வெறும் கெபாசிட்டர் இழுத்துக்கொண்டு சூடாகிறது. 7 சதவீத டீட்யூன்ட் ரியாக்டரோடு (ஹார்மோனிக்கைத் தடுக்கும் காயிலோடு), 525 வோல்ட் வகை கெபாசிட்டரை வையுங்கள். அளவுக்கு ஒரு கணக்கு: 40 கிலோவாட் லோடை 0.80-லிருந்து 0.98-க்குக் கொண்டுவர 40 × (0.75 − 0.20), அதாவது 22 கே.வி.ஏ.ஆர். (கெபாசிட்டரின் அளவு) வேண்டும்; 0.75, 0.20 என்பவை அந்த இரண்டு பவர் ஃபேக்டருக்கான tan மதிப்புகள். இப்போது இருப்பவற்றைக் கிளாம்ப் மீட்டரால் சோதியுங்கள். 25 கே.வி.ஏ.ஆர். பெட்டி 440 வோல்ட்டில் பேஸுக்கு 33 ஆம்பியர் இழுக்க வேண்டும். 20 இழுத்தால் அது தீர்ந்துவிட்டது.

போல்ட் ஏற்றுமதியாளர், சேலம்: ஐரோப்பிய வாங்குபவர் எங்கள் போல்ட்டின் கார்பன் கணக்கைக் கேட்கிறார். எங்கள் கரண்ட் பில்லை அனுப்பினால் போதுமா?

போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. இரும்பு, எஃகு வரிசையில் போல்ட், நட்டும் அடக்கம். எஃகுப் பொருளுக்கு இப்போதைக்கு நேரடி உமிழ்வுக்குத்தான் வரி. வாங்கும் மின்சாரம் அதில் சேராது. அதனால் உங்கள் பில்லைவிடக் கம்பி எங்கிருந்து வந்தது என்பதுதான் பெரிது. ஊது உலை வழியில் வந்த எஃகு டன்னுக்கு 2 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. பழைய இரும்பை மின் உலையில் உருக்கியது என்றால் 1 டன்னுக்கும் கீழே.

ஆகவே கம்பி வாங்கும்போதே ஹீட் நம்பர் (எஃகு உருக்கிய தொகுதியின் எண்), மில் சான்றிதழ், அந்த மில்லின் உமிழ்வு அறிக்கை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். லாட் நம்பரோடு ஹீட் நம்பரை இணைக்கும் பதிவு உங்கள் கணினியில் இருக்க வேண்டும். பார்கோடு ஸ்கேனரும் ஓர் எக்ஸெல் தாளும் இருந்தாலே போதும். ஹீட் ட்ரீட்மென்ட் உலையின் எரிபொருளைத் தனி மீட்டரில் அளங்கள்: ஒரு லிட்டர் டீசலுக்கு 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஒரு கிலோ எல்.பி.ஜி.க்கு ஏறக்குறைய 3 கிலோ. வெளியில் கொடுத்துச் செய்யும் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கும் இதே கணக்கை அவர்களிடமிருந்து வாங்குங்கள்; பலர் விட்டுவிடுவது இதைத்தான். வாங்குபவர் இந்த வரிக்கு உட்பட்ட பொருட்களை ஆண்டுக்கு மொத்தம் 50 டன்னுக்குள்தான் இறக்குமதி செய்கிறார் என்றால் அவருக்கு விலக்கு உண்டு. அதை முதலில் கேட்டுவிடுங்கள்.

காபித் தோட்டம், ஏற்காடு: பழம் உரிக்கும் இடத்தில் தண்ணீர் செலவைத் தூரத்திலிருந்தே கண்காணிக்க முடியுமா? செல்போன் சிக்னல் சரியாக இல்லை.

முடியும். குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் தகவல் அனுப்பும் லோரா ரேடியோ நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உரிமம் இல்லாமலே இயங்கலாம். பல்ஸ் வெளியீடு உள்ள தண்ணீர் மீட்டரை பல்பருக்கு (பழம் உரிக்கும் மெஷினுக்கு) வரும் குழாயில் மாட்டி, அதன் லோரா கருவியை மேட்டில் வையுங்கள். சிக்னல் கிடைக்கும் பங்களா அல்லது அலுவலகத்தில் கேட்வே (தகவலை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் பெட்டி) இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் குன்று மறைத்தால் ரேடியோ எட்டாது; சில்வர் ஓக் மரங்களும் தூரத்தைக் குறைக்கும். பனிமூட்ட நாட்களில் சோலார் தகடு சரியாகச் சார்ஜ் ஏற்றாது. ஆகவே லித்தியம் பேட்டரியில் ஓடும் கருவியை வாங்கி, 15 நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் தகவல் அனுப்பும்படி வையுங்கள். இடி மின்னலுக்கு ஆன்டெனாவில் சர்ஜ் அரெஸ்டரும் எர்த்தும் கட்டாயம்.

மீட்டர் ஒரு கிலோ பழத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்ட வேண்டும். அதற்குப் பழத்தின் எடையையும் அன்றன்று பதிய வேண்டும். உரித்த நீரைச் சல்லடையில் வடித்து அன்றைக்கே பல்பருக்குத் திருப்பி ஓட்டினால் செலவு பல மடங்கு குறையும். மறுநாளைக்கு வைக்காதீர்கள், புளித்த நீர் கொட்டையில் வாடையேற்றும். கடைசி நீரை ஓடையில் விடக்கூடாது. அதன் அமிலமும் சர்க்கரையும் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும்; கீழே அதே ஓடையை நம்பி ஊர்கள் இருக்கின்றன. தொட்டியில் தேக்கி, சுண்ணாம்பால் பி.எச்.சை 7-க்கு அருகே கொண்டுவந்து, தெளிந்த பிறகு தோட்டத்துக்குப் பாய்ச்சுங்கள்.