காய்க்கிற செடி

அன்புள்ள அக்கா,

வேளாண் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். விதைகள் பற்றிய உங்கள் கட்டுரையில், மரபணு மாற்றப் பயிர்களின் களச்சோதனைக்கு அரசு அவசரப்பட்டு அனுமதி தருகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். களச்சோதனையே ஒரு பரிசோதனைதானே? அதற்கும் முன்னால் சுற்றுச்சூழல் ஆய்வு என்று ஒன்று வைத்தால் ஆராய்ச்சி எப்படி நகரும்? புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணுவைச் சேர்த்த பி.டி. பருத்தியை நம் விவசாயிகள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இன்னமும் எதிர்ப்பது படிக்காதவர்களின் பயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதை எழுத்தாளர்கள் ஊதிப் பெரிதாக்குகிறீர்கள். தவறாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். அப்புறம் ஒன்று: முதுகலைக்கு உயிரித் தொழில்நுட்பம் எடுப்பதா, உழவியல் எடுப்பதா என்று குழப்பமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

எம்.

அன்புள்ள தம்பி,

மன்னிப்பெல்லாம் வேண்டாம். உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் ஊருக்குப் போய் அம்மாவின் விதைக் கலயங்களைத் துடைத்து வைத்துவிட்டு வந்திருந்தேன். அதனால் உடனே எழுத உட்கார்ந்தேன்.

பி.டி. பருத்தி நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்குள் நான் வரப்போவதில்லை. இருபது வருஷமாக இரண்டு பக்கமும் அதே வாதம்தான். ஆனால் ‘படிக்காதவர்களின் பயம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட்டுவிட்டு என்னால் மேலே போக முடியவில்லை. நாலு வருஷம் வேளாண்மை படித்த பிள்ளை எழுதுகிற வார்த்தையா இது?

ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே எங்கள் ஊர். 1994ல் ஒரு விதைக் கம்பெனி எங்கள் நிலத்தில் இருபத்தைந்து சென்ட்டைக் கத்தரிச் சோதனைக்குக் கேட்டது. மரபணு மாற்றம் எல்லாம் இல்லை, சாதாரண வீரிய ஒட்டு ரகம்தான். விதை, உரம், மருந்து எல்லாம் அவர்களுடையது. நிலமும் வேலையும் எங்களுடையது. பறிக்கிற காயை எடை போட்டுக் குழியில் மூட வேண்டும், கடைசியில் செடிகளைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும், ஒரு விதைகூட வெளியே போகக்கூடாது என்று நிபந்தனை. அப்பா கையெழுத்துப் போட்டார்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து நோட்டில் எழுத வேண்டிய கம்பெனி ஆள், ஐந்து மாதத்தில் நான்கு முறை வந்தார். கடைசி நாளில் திண்ணையில் உட்கார்ந்து விட்டுப்போன தேதிகளை எல்லாம் ஒரே பேனாவால் நிரப்பினார். “எரிச்சாச்சா?” என்று கேட்டார். “ஆச்சு” என்றார் அப்பா. இரண்டு பேரும் வயல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏதோ ஓர் அலுவலகத்தில், ஏதோ ஒரு கோப்பில், அந்தச் செடிகள் முறைப்படி அழிக்கப்பட்டதாக இன்றைக்கும் எழுதியிருக்கும்.

அம்மா எரிக்கவில்லை. “காய்க்கிற செடியைப் பிடுங்கித் தீயில போடுறதாடி?” என்று என்னிடம் கேட்டாள். நல்ல செடி நாலைந்தில் காயைப் பழுக்க விட்டாள். மஞ்சளாகப் பழுத்ததும் அறுத்துத் தண்ணீரில் பிசைந்தாள். மிதந்ததைக் கொட்டிவிட்டு அடியில் தங்கிய விதையை மட்டும் எடுத்துச் சாம்பல் கலந்து நிழலில் உலர்த்தினாள். அவள் மூன்றாம் வகுப்பு. அடுத்த ஆடியில் அந்தக் கலயத்து விதை புழக்கடையில் முளைத்தது. ஒரு செடியில் உருண்டைக் காய், ஒரு செடியில் நீளம், இன்னொன்றில் பச்சையில் வெள்ளை வரி. வீரிய ஒட்டின் அடுத்த தலைமுறை இப்படித்தான் பிரியும் என்று உங்களுக்குப் பாடத்தில் இருக்கும். எங்களுக்கு அது கொண்டாட்டம். வரிக் காய் குழம்புக்கு ருசியாக இருந்தது. அந்த நாற்று பக்கத்து வீட்டுக்குப் போனது. அங்கிருந்து மாமா தோட்டத்துக்குப் போனது. அம்மா அதன் விதையை மடியில் முடிந்து பஸ் ஏறி, கரூரில் இருக்கிற சித்திக்கும் கொடுத்துவிட்டு வந்தாள்.

அம்மாவுக்குப் பயம் இருந்தது என்றா நினைக்கிறீர்கள்? துளிகூட இல்லை. நன்றாகக் காய்க்கிற செடியைக் கண்டால் அதை நாலு பேருக்குக் கொடுக்காமல் அவளால் இருக்க முடியாது.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததா? 2001ல் குஜராத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பருத்தி காய்ப்புழுவுக்குத் தப்பித்து நின்றது. நவபாரத் 151 என்ற ரகம். எடுத்துச் சோதித்தால் அதற்குள் பி.டி. மரபணு. இந்தியாவில் பி.டி. பருத்திக்கு முதல் அனுமதி கிடைத்ததே 2002 மார்ச்சில்தான்! மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அந்த வயல்களைப் பிடுங்கி எரிக்கச் சொன்னது. வெடித்து நிற்கிற பருத்தியை எந்த விவசாயி எரிப்பான்? எதிர்த்து நின்றார்கள். உத்தரவு போவதற்குள் ஒரு பகுதி பறித்து விற்றும் ஆகிவிட்டது. அவர்களும் பயந்தவர்கள் இல்லை.

சரி, இங்கே ஒழுங்கு போதாது, அமெரிக்காவில் இப்படி நடக்காது என்பீர்கள். ஆரிகன் மாநிலத்தில் மெட்ராஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. நம் ஊரிலிருந்து போன மெட்ராஸ் துணியின் பெயரை வைத்ததாகச் சொல்வார்கள். அதன் அருகே 2003ல் ஸ்காட்ஸ் என்ற நிறுவனத்துக்காகக் கிட்டத்தட்ட 400 ஏக்கரில் கோல்ஃப் மைதானப் புல் ஒன்றை வளர்த்தார்கள். கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தாலும் சாகாதபடி மரபணு மாற்றிய புல். அதன் மகரந்தம் காற்றில் 21 கிலோமீட்டர் வரை போனதை அரசின் சுற்றுச்சூழல் விஞ்ஞானிகளே கண்டுபிடித்து 2004ல் எழுதினார்கள். தானாக வளர்ந்த புல்லில் 14 கிலோமீட்டர் தள்ளியும் அந்த மரபணு இருந்தது. 2007ல் நிறுவனத்துக்கு ஐந்து லட்சம் டாலர் அபராதம். 2010ல் அதே புல் ஆரிகனின் கிழக்கு ஓரத்திலும் பக்கத்து மாநிலமான இடாஹோவிலும் பாசன வாய்க்கால் கரைகளில் நின்றது. வாய்க்காலைச் சுத்தம் செய்ய அங்கே அடிக்கிற மருந்தே கிளைபோசேட்தான்!

உங்கள் முதல் கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது. அந்தப் புல் சோதனைகள் ‘சிறிய அளவு, கட்டுக்குள் இருப்பது’ என்ற பிரிவில் போடப்பட்டு, சுற்றுச்சூழல் ஆய்வே இல்லாமல் அனுமதி பெற்றவை. அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு விலக்கு கொடுக்கக் கூடாது என்று 2007 பிப்ரவரியில் வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. அதற்கு முந்தைய ஆகஸ்டில் ஹவாயிலும் இதே கதை. மருந்துப் புரதம் விளைவிக்கிற மக்காச்சோளம், கரும்புக்குத் தந்த களச்சோதனை அனுமதிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று தீர்ப்பு. அழிவின் விளிம்பில் முந்நூறுக்கு மேற்பட்ட உயிரினங்கள் இருக்கிற தீவுகள் அவை. அவற்றுக்கு என்ன ஆகும் என்று விதைப்பதற்கு முன்னால் யாரும் கேட்டிருக்கவில்லை. ஆய்வகத்தில் தப்பு நடந்தால் கதவைச் சாத்தலாம். வயலுக்குக் கதவு ஏது?

நம் உச்ச நீதிமன்றம் 2007ல் களச்சோதனை வயலுக்கும் அக்கம்பக்கத்துப் பயிருக்கும் நடுவே 200 மீட்டர் தனிமைத் தூரம் வேண்டும், பொறுப்பான விஞ்ஞானியின் பெயர் வேண்டும், 0.01 சதவீதக் கலப்பையும் கண்டுபிடிக்கிற சோதனை முறை கையில் இருக்க வேண்டும் என்றது. நல்ல உத்தரவு. 2011 முதல் மாநில அரசின் சம்மதமும் வேண்டும். மரபணு மாற்றிய கடுகைப் பற்றிய வழக்கில் 2024 ஜூலையில் அதே நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் வேறு வேறு தீர்ப்பு எழுதினாலும், நாட்டுக்கு ஒரு கொள்கை வேண்டும் என்பதில் ஒன்றுபட்டார்கள். எல்லாம் சரி. ஆனால் 200 மீட்டரை அம்மா இரண்டு நிமிஷத்தில் நடந்துவிடுவாள். கரூர் பஸ்ஸைத் தனிமைத் தூரம் என்ன செய்யும்?

நான் கேட்கிற ஆய்வு இதைத்தான் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்த்த மரபணு உண்டாக்கும் புரதம் எலிக்கு என்ன செய்கிறது என்று பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே அந்த வயலில் களை எடுக்கிறவர்கள் யார், அவர்கள் மதியத்துக்கு என்ன சமைக்கிறார்கள், பறித்த காய் எந்தக் குழிக்குப் போகிறது, பக்கத்து வரப்பில் என்ன பயிர், வாய்க்கால் எங்கே போய்ச் சேருகிறது, பிடுங்குகிற நாளில் கூட நிற்கப்போவது யார் என்றெல்லாம் விதைப்பதற்கு முன்னால் ஊருக்குப் போய்க் கேட்டு எழுத வேண்டும். கேட்கிறவர் விதைக்குச் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. இதனால் ஆராய்ச்சி ஒரு விதைப்புப் பருவம் தள்ளிப்போனால் போகட்டும், தம்பி. வெளியே போன விதையை எந்தக் குழு கூடியும் திரும்பக் கொண்டுவந்ததில்லை.

படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உயிரித் தொழில்நுட்பமே எடுங்கள். உங்களுக்கு அதில்தான் மனம் இருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. இப்படி ஆய்வு செய்யப் போகிற குழுவில் உங்களைப் போன்ற பிள்ளைகள்தான் உட்கார வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் கல்லூரிச் சோதனைத் திடலில் களை எடுக்கிற அக்காக்களோடு ஒரு பருவம் முழுக்க வேலை செய்யுங்கள். மடியில் என்ன கொண்டு போகிறார்கள் என்று பாருங்கள். காட்டிக் கொடுத்துவிடாதீர்கள், பார்த்து மட்டும் வையுங்கள்.

விடுமுறையில் கரூர் வர முடிந்தால் எழுதுங்கள். சித்தி வீட்டுப் புழக்கடையில் அந்த வரிக் கத்தரி இப்போதும் காய்க்கிறது. இந்தத் தையிலும் பறித்தார்கள்.

அன்புடன்,
அக்கா