மணி திரும்பி வராது என்று மகளிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாமில் குடியிருக்கிறோம். எங்கள் நாய் மணிக்கு 11 வயது. ஒரு மாதமாகத் தண்ணீர் நிறையக் குடித்தது. வெயில்தான் காரணம் என்று விட்டுவிட்டேன். பிறகு பார்த்தால் நாள்பட்ட சிறுநீரகக் கோளாறாம். மூன்று நாள் ஒன்றும் சாப்பிடாமல் வாந்தி எடுத்துக்கொண்டே கிடந்தது. போன செவ்வாய்க்கிழமை டாக்டர் சொன்னபடி ஊசி போட்டு அனுப்பிவிட்டோம். அன்றிரவே என் கணவர் சுங்கைப்பட்டாணித் தோட்டத்தில் இருக்கும் என் அப்பா வீட்டுக்குக் கொண்டுபோய், வாழைமரத்துப் பக்கம் புதைத்துவிட்டு வந்தார். 6 வயது மகளிடம் "மணி தாத்தா தோட்டத்துக்குப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டோம். சனிக்கிழமை போய்க் கூட்டிவரலாம் என்று தினமும் கேட்கிறாள். படிவம் ஒன்றில் படிக்கும் மகன் பள்ளி விட்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை. என் கணவரின் அம்மாவான அத்தையோ "நாய்க்குப் போய் ஒப்பாரியா, வேற ஒன்னு வாங்கிக் குடுங்க" என்கிறார். ஊசி போட்ட பிறகும் மணி ஒருமுறை மூச்சை இழுத்ததை என் கண்ணால் பார்த்தேன். நான்தான் கொன்றுவிட்டேனோ என்று தூக்கமே வருவதில்லை. எங்கள் பூனையும் இரண்டு நாளாகச் சோற்றைத் தொடவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் பூனையைப் பாருங்கள். மற்றதெல்லாம் ஒரு நாள் பொறுக்கும், இது பொறுக்காது. சாப்பாடு நின்றுபோன பூனைக்கு உடம்பிலுள்ள கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்க ஆரம்பித்துவிடும். இரண்டு மூன்று நாளிலேயே அது தொடங்கலாம். பருமனான பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். கூட வளர்ந்த நாயைக் காணாமல் பூனை தேடுவதும், அது படுத்த இடத்திலேயே போய் உட்கார்வதும், சாப்பிட மறுப்பதும் நான் அடிக்கடி பார்ப்பவை. ஆனால் ஏக்கம்தான் என்று நீங்களே முடிவு கட்டிவிடக் கூடாது. இன்றே கிளினிக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் டின் உணவைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி, வாசனை எழும்படி கையால் கொடுத்துப் பாருங்கள். மணி படுத்த பாயை இப்போதைக்குத் துவைக்காமல் விட்டுவையுங்கள். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் அது கொஞ்ச நாள் வேண்டியிருக்கும்.

இனி மகள். நீங்கள் சொன்னது போன்ற பொய்யை நான் கால்நடை மருத்துவராக இருக்கும் இந்த 23 ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான பெற்றோர் என் மேசைக்கு எதிரே நின்று ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். அன்பினால் சொல்லும் பொய்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அது என்ன செய்யும் என்பதைச் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு தகப்பனார், செத்துப்போன நாயைப் பற்றிப் பிள்ளைகளிடம் "ஓடிப்போயிருச்சு" என்று சொல்லிவிட்டார். அவருடைய சின்ன மகன் மாதக்கணக்கில் இரவு கேட்டைப் பூட்டவிடவில்லை. பூட்டினால் அது எப்படி உள்ளே வரும் என்று கேட்டானாம். எதிர்பார்த்து எதிர்பார்த்து அந்தப் பிள்ளை இளைத்துப்போன பிறகுதான் அவர் என்னிடம் வந்தார். அழுதுவிட்டால் பிள்ளைக்குப் பாரம் குறையும். காத்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு அது குறைவதற்கு வழியே இல்லை.

உங்கள் மகளும் இப்போது காத்துக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். படுக்கப் போகும் நேரம் வேண்டாம். பாலர்பள்ளி விட்டு வந்து, சாப்பிட்டு முடித்து, நீங்களும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் நல்லது. கணவரும் இருக்கட்டும். சொற்கள் கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்: "கண்ணு, அம்மா ஒன்னு சொல்லணும். மணி தாத்தா வீட்ல இருக்குன்னு சொன்னேன்ல, அது சரியில்ல. மணி செத்துப்போச்சு. அதோட சிறுநீரகம் கெட்டுப்போச்சு, டாக்டராலயும் சரிபண்ண முடியல. உன்கிட்ட சொல்ல அம்மாவுக்குக் கஷ்டமா இருந்துச்சு, அதான் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிக்க." அவ்வளவுதான். பிறகு நிறுத்திவிட்டு அவள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

"செத்துப்போச்சு" என்பது உங்கள் காதுக்குக் கடுமையாகத் தோன்றும். "இறந்துபோச்சு" என்றும் சொல்லலாம். ஆனால் நம் வீடுகளில் புழங்கும் மெல்லிய சொற்கள் ஆறு வயதுக்கு உதவாது. "தவறிட்டாங்க" என்றால் எங்கோ வழி தவறியதாக நினைப்பாள். "சாமி கூட்டிட்டுப் போயிட்டாரு" என்றால் சாமி அடுத்து யாரைக் கூட்டிப்போவார் என்ற பயம் வரும். "தூங்குது" என்பதை அறவே தவிர்த்துவிடுங்கள். படுக்கைக்குப் போகவே அஞ்சிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஊசி விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேர்ந்ததும் பள்ளியிலேயே தடுப்பூசி போடுவார்கள். "ஊசி போட்டதும் மணி செத்துச்சு" என்ற ஒரு வரி மட்டும் மனதில் தங்கிவிட்டால் அன்றைக்கு அவளை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. அவள் கேட்டால் மறைக்க வேண்டாம்: "பிழைக்கவே முடியாத மிருகத்துக்கு வலி தெரியாம இருக்கக் குடுக்குற தனி மருந்து அது. பிள்ளைங்களுக்குப் போடுற ஊசி வேற, அது நோய் வராம இருக்க."

சாவு திரும்பி வராதது, எல்லா உயிருக்கும் வருவது என்பது ஏறக்குறைய ஏழு வயதில்தான் பிள்ளைகளுக்கு முழுதாகப் பிடிபடுகிறது. உங்கள் மகள் அந்த விளிம்பில் நிற்கிறாள். ஆகவே இன்று அழுதுவிட்டு, அரை மணி நேரத்தில் விளையாடப் போய், நாளைக் காலையில் "மணிக்குப் பசிக்குமா?" என்று கேட்பாள். நெஞ்சு கல்லாகிவிட்டதோ என்று நினைக்காதீர்கள்; இந்த வயதுப் பிள்ளைகளின் துக்கம் அப்படித்தான் வந்து வந்து போகும். ஒன்றை மட்டும் நீங்களாகவே கேளுங்கள்: "நீ எதுவும் பண்ணதால மணிக்கு இப்படி ஆச்சுன்னு நினைக்கிறியா?" வாலை இழுத்தேன், பிஸ்கட் கொடுக்கவில்லை என்று ஏதாவது ஒன்றை உள்ளுக்குள் வைத்து மருகும் வயது அது.

இப்போது நீங்கள். ஊசி போடும்போது நடந்ததை உங்கள் டாக்டர் முன்கூட்டியே விளக்கியிருக்க வேண்டும். அந்த மருந்து மயக்க மருந்துதான். அளவு மட்டும் மிக அதிகம். நரம்பில் ஏறிய சில நொடிகளில் நினைவு போய்விடும். அதன் பிறகுதான் மூச்சும், கடைசியாக இதயமும் நிற்கும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நீங்கள் பார்த்த அந்த ஒரு மூச்சு, நினைவு அடங்கிய பிறகு உடம்பு தானாக இழுப்பது. தசை துடிப்பதும், சிறுநீர் கழிவதும், கண் திறந்தபடியே இருப்பதும் அப்படித்தான். வலியை உணர அந்த நேரத்தில் மணி அங்கே இல்லை. என் மேசையில் இதைச் சொல்லி முடிக்காமல் நான் ஊசியைக் கையில் எடுப்பதில்லை, ஏனென்றால் அந்த ஒரு மூச்சு எத்தனை வீடுகளில் எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

தண்ணீர் குடித்ததைக் கவனிக்காமல் விட்டேனே என்கிறீர்கள். சிறுநீரகம் பொல்லாத உறுப்பு. மூன்றில் இரண்டு பங்கு பழுதான பிறகுதான் தாகம் கூடும். முக்கால் பங்கு போன பிறகுதான் வழக்கமான ரத்தப் பரிசோதனையிலேயே தெரியும். உங்கள் கண்ணுக்குப் பட்ட அன்றே அது வெகுதூரம் போயிருந்தது. அன்றே வந்திருந்தால் உணவு மாற்றம், மருந்து, சலைன் என்று சில மாதங்கள் கூடக் கிடைத்திருக்கலாம். குணமாகியிருக்காது. இதை உங்களைத் தேற்றுவதற்காகக் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. அந்தக் கடைசிக் கட்டத்தில் வாயெல்லாம் புண்ணாகி, குமட்டல் ஓயாமல், நாய் தன் உடம்புக்குள்ளேயே நஞ்சேறிக் கிடக்கும். அந்த மூன்று நாளை ஏழு நாளாக நீட்டாமல் விட்டீர்கள். மணியைக் கொன்றது அந்த நோய்தான்.

மகனிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். பதின்மூன்று வயதில், தன் நாயின் தலையைக் கடைசியாக ஒருமுறை தடவிக் கொடுக்கும் வாய்ப்பை இழந்திருக்கிறான். "உன்னை ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டிருக்கணும், எங்களுக்குத் தோணல" என்று சொல்லிவிட்டு, அவன் பதில் பேசாவிட்டாலும் விட்டுவிடுங்கள். காரில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது சொன்னால் இன்னும் சுலபம். முகம் பார்க்க வேண்டியதில்லை. புதைத்த இடத்தில் என்ன வைப்பது, கழுத்துப்பட்டையை யார் வைத்துக்கொள்வது என்பதை அவன் முடிவு செய்யட்டும்.

அத்தையின் பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் ஒரு விஷயத்துக்குப் பெயர் கொடுத்தார்: ஊர் ஏற்றுக்கொள்ளாத துக்கம். மனிதர் இறந்தால் நமக்கு எட்டாம் நாள் உண்டு, கருமாதி உண்டு, வந்து உட்கார ஆள் உண்டு. நாய்க்கு எதுவும் கிடையாது. மறுநாளே வேலைக்குப் போக வேண்டும். தோட்டத்து லயத்தில் வளர்ந்த தலைமுறைக்கு நாய் வாசலில் கிடக்கும் காவல், அதற்காக அழுவது அவர்களுக்குப் பழக்கமில்லை. ஆனால் மணிக்கு தினமும் மிச்சச் சோற்றைப் பிசைந்து வைத்தது யார்? பெரும்பாலான வீடுகளில் அது பாட்டிதான். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், சாயங்காலம் அந்த நேரத்தில் அத்தை பக்கத்தில் போய் உட்காருங்கள். அவருக்கும் அந்த நேரம் கை சும்மா இருக்கும். தீபாவளிக்கு முதல் நாள் முன்னோர் படையலில் மணியின் படத்தையும் வைக்கப் பிள்ளைகள் கேட்கக்கூடும். அத்தைக்கு மனம் ஒப்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். மணி படுத்திருந்த வாசலில் ஓர் அகல் ஏற்றினால் போதும்.

புதுக்குட்டி இப்போது வேண்டாம். மணிக்குப் பதில் இது என்று வரும் குட்டி, மணியாக இல்லையே என்பதற்காகவே வெறுக்கப்படும். பிள்ளைகள் மணியைப் பற்றிச் சிரித்துப் பேசத் தொடங்கிய பிறகு, அவர்களையும் அழைத்துப்போய்த் தேர்ந்தெடுங்கள். கடையில் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றில்லை, ஜெலுத்தோங்கில் எஸ்.பி.சி.ஏ. என்ற பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகம் இருக்கிறது.

உங்களுக்கே பல வாரங்கள் ஆகியும் தூக்கமும் சாப்பாடும் சரிப்படாவிட்டால், சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555க்கு அழைத்துப் பேசுங்கள். நாய்க்காக அழைத்தேன் என்று கூச்சப்பட ஒன்றுமில்லை. மகள் படுக்கையை நனைக்கத் தொடங்கினாலோ, பாலர்பள்ளிக்குப் போக அடம்பிடித்தாலோ, அது நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சனிக்கிழமை தோட்டத்துக்குப் போங்கள், எல்லோருமே. போவதற்கு முன் உங்கள் அப்பாவுக்கு அழைத்து ஒன்று கேளுங்கள்: குழி எவ்வளவு ஆழம்? ஊசி போட்ட உடலில் அந்த மருந்து வெகுநாள் தங்கும். தோட்டத்து நாயோ வேறு பிராணியோ தோண்டித் தின்றால் அதன் உயிருக்கும் ஆபத்து. மேலே குறைந்தது மூன்றடி மண் இருக்க வேண்டும். இரவில் அவசரமாகத் தோண்டிய குழி அந்த ஆழம் இருக்காது என்றே நினைக்கிறேன். பிள்ளைகள் வருவதற்குள் மேலே மண்ணைக் கொட்டி உயர்த்தி, கனமான கற்களை அடுக்கச் சொல்லுங்கள். மகள் பூ வைக்கட்டும், படம் வரைந்து வைக்கட்டும், பிஸ்கட் வைக்கிறேன் என்றாலும் வைக்கட்டும்.

தீவைவிட்டுப் பாலத்தில் போகும்போது அவள் மறுபடியும் கேட்பாள், "மணி நம்ம கூட திரும்பி வருமா?" என்று. முன்பு சொன்ன அதே வார்த்தையில் சொல்லுங்கள்: "வராது கண்ணு. மணி செத்துப்போச்சு. நாம அதைப் புதைச்ச இடத்தைப் பாக்கப் போறோம்."