மே மாதம் மாமல்லபுரத்தில் புது வஞ்சிரம்

போன வருடம் சாப்பிட்ட வஞ்சிரம் வறுவல் சக்கையாக இருந்தது, இந்த மே இரண்டாம் வாரம் மாமல்லபுரத்தில் புது மீன் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். அப்போது கடைப்பலகையில் துண்டு போட்டு வைத்திருக்கும் பெரிய வஞ்சிரம் அன்று பிடித்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் வறுவல் சக்கையாக இருந்ததும் அதனால்தான் இருக்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது; பெரிய மீன் பெரும்பாலும் வெளியூரிலிருந்து ஐஸில் வருவதுதான்.

நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. அவை கரையோரம் பிடிக்கும் சங்கரா, நெத்திலி, காரப்பொடி, நண்டு காலையிலேயே வந்துவிடும். அந்த மாதத்தில் நெத்திலி வறுவலை விட்டுவிட்டு வஞ்சிரத்துக்கு அலைவது வீண்செலவு என்பேன்.

வஞ்சிரமே வேண்டுமென்றால் துண்டு வாங்காதீர்கள், முழு மீனைக் காட்டச் சொல்லுங்கள்:

1. செவுளைத் தூக்கிப் பாருங்கள். பளிச்சென்ற சிவப்பு சரி. பழுப்பேறி, கொழகொழவென்று இருந்தால் வேண்டாம். செவுளில் சாயம் பூசுவதும் உண்டு, ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.
2. முதுகுச் சதையை அழுத்தினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வஞ்சிரம், சூரை, மத்தி ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருள் உண்டாகும். எவ்வளவு வறுத்தாலும் போகாது. நாக்கில் மிளகுபோல் சுருக்கென்றால் அதோடு நிறுத்துங்கள். அதனால் முகம் சிவப்பதும் தடிப்பும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கும். மூச்சு திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.