லாரியில் போன சரக்கில் மூடை குறைந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தருமா?

தரும். ஆனால் உங்கள் பாலிசியில் உள்நாட்டுப் போக்குவரத்து விதி ‘ஏ’யா, ‘பி’யா என்று முதலில் பாருங்கள். ‘பி’ என்றால் தீ, மின்னல், வண்டி மோதுவது, கவிழ்வது, பாலம் உடைவது என்று பெயர் சொல்லி எழுதிய ஆபத்துகளுக்கு மட்டும்தான். திருட்டு, சரக்கு வந்து சேராமை இரண்டையும் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். ‘ஏ’யில், விலக்கு என்று எழுதியவை போக மற்ற எல்லாம் அடங்கும். எங்களை மடக்கப் பார்த்தது அந்த விலக்கை வைத்துத்தான்.

நாங்கள் மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம். நெத்திலி, வாளை எல்லாம் அசாம் ஜாகிரோடு சந்தை வரை போகும். ஒரு லோடில் வழியில் வண்டி மாற்றியிருக்கிறார்கள். இறக்கும்போது 200 மூடையில் 14 இல்லை. அங்கே இருந்த கமிஷன் கடைக்காரர் விவரமானவர். எல்.ஆர். என்கிற லாரி ஆபீஸ் சரக்கு ரசீதின் பின்பக்கம் ‘இறங்கியது 186 மட்டும்’ என்று எழுதி, டிரைவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். நட்டத்தைக் கணக்கிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் கிட்டங்கிக்குள் கால் வைக்காமல், மூக்கில் கைக்குட்டையோடு வாசலில் நின்றே எண்ணிவிட்டுப் போனாராம். அப்புறம் கம்பெனியிலிருந்து கடிதம்: ஈரம் வற்றி எடை குறைவது சரக்கின் இயல்பு, அதற்குப் பொறுப்பில்லை.

இயல்பான எடைக்குறைவு பாலிசியில் விலக்குதான், நான் மறுக்கவில்லை. 1963 கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவும் சரக்கின் தன்மையால் வரும் நட்டத்தை ஒதுக்குகிறது. கருவாடு காய்ந்தால் மூடைக்கு ஒன்றிரண்டு கிலோ குறையும். மூடையே காணாமல் போகுமா? ஏற்றியபோது எடுத்த எடைமேடைச் சீட்டு, எல்.ஆரில் உள்ள எண்ணிக்கை, இறங்கிய மூடை ஒவ்வொன்றின் எடை, எல்லாவற்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்பினோம். 14 மூடைக்கும் பணம் வந்தது.

வியாபாரி என்றாலே கணக்கை மாற்றி எழுதுவான் என்று யாராவது கீழே எழுத வருவார்கள். எங்கள் பாடு அவர்களுக்குத் தெரியாது. பழைய பாம்பன் ரயில் பாலத்தை 2022 டிசம்பரில் மூடியதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம் தீவுக்கு ரயில் இல்லை. பார்சல் போடுகிறவர்கள் வேன் பிடித்துக் கடலைத் தாண்டி வந்தார்கள். அந்தக் கூலியை எந்தக் கணக்கில் எழுதினோம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். லாரி ஆபீசுக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்பிவிட்டீர்களா? 2007 சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 16-ஆம் பிரிவுப்படி, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் அது போய்ச் சேர வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, உங்கள் இடத்தில் நின்று லாரிக்காரரிடம் வசூலிக்கப் பார்க்கும். நோட்டீஸ் போகாவிட்டால் அந்த வழி அடைபடும். அதையே காரணம் காட்டி உங்கள் க்ளைமிலும் கை வைப்பார்கள். இன்றைக்கே ஒப்புகையோடு தபாலில் போடுங்கள்.