கண்ணை மூடினால் படபடப்பு, பூக் கட்டினால் நிம்மதி: எது சரி?

கேள்வி: எனக்கு வயது 44. பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறோம். பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எட்டு மாதத்துக்கு முன்பு மாமியாருக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். போன மாதம் கணவருக்கு ஆள்குறைப்பில் வேலை போய்விட்டது. இரவில் நாலு மணி நேரம் தூங்கினாலே பெரிய விஷயம். நெஞ்சு இறுக்குகிறது, படபடக்கிறது. வேலையில் கண் சொக்காமல் இருக்க மூன்று நான்கு கோப்பி குடிக்கிறேன். தியானம் செய், யோகா செய் என்று எல்லாரும் சொல்கிறார்கள்; கண்ணை மூடி உட்கார்ந்தால் இன்னும் மோசமாகிறது. வெள்ளிக்கிழமைக்காகப் பூக் கட்டும்போது மட்டும் மனசு கொஞ்சம் அடங்குகிறது. “இந்த நேரத்தில் பூ ஒரு கேடா?” என்கிறார் நாத்தனார். கணவரோ, இரண்டு பீர் குடித்தால்தான் தூக்கம் வருகிறது, அது என் வழி என்கிறார். சில சமயம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாம் போலிருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, மனதைப் பற்றிப் பேசுவதற்கு முன் நெஞ்சைப் பார்த்துவிடுவோம். கவலையால்தான் இறுக்குகிறது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். படியேறும்போது இறுக்கி, நின்றால் விடுகிறது என்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே இறுக்கம் வந்து கை, தாடை, முதுகு என்று பரவினாலோ, வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கினாலோ 999ஐ அழையுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் வெறும் அசதியும் குமட்டலுமாகவே வரும். நம் ஆட்களிடம் இனிப்பு நீர் (நீரிழிவு) அதிகம் என்பதால் இதில் நான் எப்போதும் கண்டிப்பாகவே இருப்பேன். அப்படி எதுவும் இல்லையென்றாலும் இந்த வாரத்திற்குள் பக்கத்திலுள்ள அரசாங்கக் கிளினிக்கிற்குப் போய் ஈசிஜி, இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு எல்லாம் பார்த்துவிடுங்கள். குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். தைராய்டு கூடினாலும், இரத்தம் குறைந்தாலும், மாதவிடாய் நிற்கப்போகும் காலத்திலும் இதே படபடப்பும் தூக்கக் கெடுதலும் வரும். உங்கள் வயதுக்கு இந்த மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும்.

சரி, தியானத்துக்கு வருவோம். உங்களிடம் குறை எதுவும் இல்லை. கண்ணை மூடியதும் வெளியிலிருந்து வரும் காட்சி நின்றுவிடுகிறது. அப்போது கவனம் முழுக்க உள்ளே திரும்பும். ஏற்கெனவே வேகமாக அடித்துக்கொண்டிருக்கும் இதயம் இன்னும் பெரிதாகக் கேட்கும். நாளைய கடன் தவணையும் கூடவே வந்து நிற்கும். அமைதியாக உட்கார முயன்றால் பதற்றம் கூடுகிறவர்கள் உண்டு, இது மருத்துவத்தில் தெரிந்த விஷயம்தான். தியானத்தால் பலன் பெற்றவர்களும் நிறைய இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. இப்போதைக்கு அது உங்களுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தப் பூ. என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். நாரை ஈரப்படுத்தி எடுத்துக்கொள்கிறீர்கள். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு, நாரைச் சுற்றி ஒரு முடிச்சு. ரொம்ப இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்த்தினால் உதிர்ந்துவிடும். கண் பூவில் இருக்க வேண்டும், விரல் நாரில் இருக்க வேண்டும். அந்த வேலை கவலைக்கு இடமே கொடுப்பதில்லை. ஆனால் அசந்துபோகிற அளவுக்குக் கடினமும் இல்லை. ஒரே தாளத்தில் கை போகப் போக, மூச்சும் தானாக நிதானப்படும். மூச்சை மெல்ல வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் குறைவது உடம்பின் இயல்பு. அப்புறம், அரை மணி நேரத்தில் கையில் ஒரு முழம் சரம் இருக்கிறது. எட்டு மாதமாக எதைச் செய்தாலும் முடியாத வீட்டில், தொடங்கி முடித்த ஒரு வேலை! நல்ல வாசனையோடு.

நாத்தனாரிடம் இதை டாக்டர் சொன்னதாகவே சொல்லுங்கள்: பூக் கட்டுவது உங்களுக்கு மருந்து மாதிரி. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வைக்காதீர்கள். மல்லிகை விலை கட்டுப்படாத நாளில் துணி தைக்கலாம், கீரை ஆயலாம், கோலம் போடலாம்; கையும் கண்ணும் சேர்ந்து செய்கிற எதுவும் சரி. வேலையிடத்தில் பதற்றம் கூடினால், கண்ணைத் திறந்தபடியே மூக்கால் நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். சில நிமிடம் போதும்.

கணவரின் பீரும் அவருடைய வழிதானே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வழி நல்லதா என்பதை அதைச் செய்த நேரத்தில் பார்க்கக்கூடாது, மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். பீர் சீக்கிரம் தூங்க வைக்கும். ஆனால் மது உடம்பிலிருந்து இறங்க இறங்க, பின்னிரவுத் தூக்கம் உடையும். நாளாக நாளாக இரண்டு போதாமல் மூன்றாகும், செலவும் கூடும், காலையில் மனசு இன்னும் கீழே கிடக்கும். சண்டை போடாமல், அவர் நன்றாக இருக்கும் பகல் நேரத்தில் பேசுங்கள். வேலை போன ஆண் பெரும்பாலும் வெட்கத்தைத்தான் குடித்து மறைக்கப் பார்க்கிறார்.

கோப்பியையும் இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். அதிலுள்ள கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். தூங்கப்போகும் நேரத்திற்கு எட்டு மணி நேரம் முன்பே கடைசிக் கோப்பியை முடித்துவிடுங்கள். தேத்தண்ணீரிலும் கஃபீன் உண்டு.

மனதை அடக்கும் வழி ஒன்று, பிரச்சினையைக் குறைக்கும் வழி ஒன்று என்று இரண்டு உண்டு. லாசரஸ், போக்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1984இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். மாமியாரின் பக்கவாதத்தை உங்களால் மாற்ற முடியாது; அதற்குப் பூ. ஆனால் உங்கள் தூக்கத்தை மாற்ற முடியும். படுக்கைப் புண் வராமல் இருக்க இரவிலும் அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டியிருக்கும், நீங்கள்தான் எழுந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கணவர் இப்போது வீட்டில் இருக்கிறார். அது அவருடைய அம்மா. நீங்கள் இரவில் வீட்டில் இருக்கும் நாட்களில் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை அவர் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குங்கள். ஐந்து மணி நேரம் முறியாத தூக்கம் என்ன செய்யும் என்பதை ஒரு வாரத்தில் பார்ப்பீர்கள். அவருக்கும் பொறுப்பு ஒன்று கையில் வரும். பீர் குடித்துவிட்டு அந்த இரவுப் பொறுப்பைப் பார்க்க முடியாது என்பது அவருக்கே தெரியும்.

இன்னொன்று, இதற்குத் தேதி இருக்கிறது. ஆள்குறைப்பில் வேலை இழந்தவர் பெர்கேசோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக் காப்புறுதித் திட்டத்தில் உதவித்தொகை கேட்கலாம். ஆனால் வேலை போன நாளிலிருந்து 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. வேலை நிறுத்தக் கடிதத்தோடு நாளைக்கே போகச் சொல்லுங்கள். மாமியாருக்கு மாற்றுத்திறனாளி அட்டை எடுப்பது பற்றியும், படுக்கையிலிருப்பவரைப் பராமரிப்போருக்கான உதவி பற்றியும் சமூக நல இலாகாவில் கேளுங்கள். இதையெல்லாம் ஒரு டாக்டர் ஏன் சொல்கிறார் என்று தோன்றலாம். உங்கள் படபடப்பில் பாதி பணக்கவலையாக இருக்கும்போது, அதை விட்டுவிட்டு மூச்சுப் பயிற்சி மட்டும் எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக, “எங்கேயாவது போய்விடலாம் போலிருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு நாள் ஓய்வு வேண்டும் என்ற அர்த்தத்தில் சொன்னீர்களா, இல்லை உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா? இரண்டாவது என்றால் இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் எண் 15555. மனம் விட்டுப் பேசக் காது கொடுக்கும் தன்னார்வ அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இருபத்து நாலு மணி நேரமும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயப்படாதீர்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு நம் நாட்டில் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. முதலாவது அர்த்தம்தான் என்றாலும், கிளினிக்கில் இதைச் சொல்லுங்கள். அங்கேயே மனநிலையைக் கேள்விகள் கேட்டுப் பார்ப்பார்கள். தேவையென்றால் ஆலோசகரிடமோ, அரசாங்கத்தின் சமூக மனநல மையமான மெந்தாரிக்கோ அனுப்புவார்கள். நெஞ்சு வலி, தூக்கமில்லை என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.