அரிசி உப்புமா களியாயிடுது, என்ன பண்றது?

கேள்வி: அக்கா, எங்க மாமியார் பண்ற அரிசி உப்புமா பொலபொலன்னு இருக்கும், நான் பண்ணா மட்டும் களி மாதிரி ஆயிடுது. 1 கப் அரிசிக்கு 3 கப் தண்ணி வைக்கிறேன், மிக்ஸில நல்லா நைசாதான் அரைக்கிறேன், அப்புறமும் ஏன் இப்படி? – வாசகி, திருச்சி

பதில்: நைசா அரைச்சா எப்படிம்மா உதிரும்? மிக்ஸிய ஒரேயடியா ஓட விட்டா பாதி மாவாயிடும், அந்த மாவு கொதிக்கிற தண்ணில விழுந்ததும் கூழாகி ரவையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். 1 கப் பச்சரிசிய கழுவி வடிகட்டி ஒரு துணில அரை மணி நேரம் பரத்தி வைங்க, கையில எடுத்தா லேசா ஈரம் தெரியணும், அவ்ளோதான். அதுக்குள்ள 2 ஸ்பூன் துவரம்பருப்பு, 1 ஸ்பூன் மிளகு, அரை ஸ்பூன் சீரகம் இதையெல்லாம் முதல்ல ஒண்ணுரெண்டா பொடிச்சு எடுத்துட்டு, அப்புறம் அரிசிய போட்டு விட்டு விட்டு சுத்துங்க. சலிச்சா அடியில கொஞ்சம் மாவு விழும், அதை தூக்கிப் போடாம தோசை மாவுல கலந்துடுங்க.

இப்படி ஈர அரிசில பண்ணும்போது 1 கப் ரவைக்கு இரண்டரை கப் தண்ணி போதும், கழுவாம அப்படியே உடைச்சீங்கன்னா 3 கப் வைக்கலாம். தேங்காய் எண்ணெய்ல கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளிச்சு தண்ணி, உப்பு, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல் போட்டு நல்லா தளதளன்னு கொதிச்சப்புறம் ரவைய ஒரு கையால தூவிக்கிட்டே இன்னொரு கையால கிளறணும். தண்ணி இழுத்ததும் சிம்ல வச்சு மூடிடுங்க, 10 நிமிஷம், நடுவுல ஒரே ஒரு தடவை அடியோட பிரட்டி விட்டா போதும், சும்மா சும்மா தொறந்து கிண்டுனா அதுவே குழைஞ்சிடும். அடுப்ப அணைச்சப்புறமும் இன்னொரு 10 நிமிஷம் மூடியே இருக்கட்டும். வெண்கல உருளி இருந்தா அதுல பண்ணுங்க, அடியில பிடிக்கிற அந்த பொன்னிற காந்தலுக்கு வீட்ல சண்டையே வரும் (எனக்கு உப்புமாவ விட காந்தல்தான் முக்கியம்).

கேள்வி: இட்லி ரவைல பண்ணலாமா? – வாசகர், சேலம்

பதில்: பண்ணலாம், ஆனா அது புழுங்கலரிசில உடைச்சது, பச்சரிசியோட அந்த வாசனை வராது. அவசரத்துக்கு ஓகே.

கேள்வி: அமாவாசை ராத்திரி சாதம் கூடாதுன்னு சொல்லிட்டு எங்க வீட்ல அரிசி உப்புமா பண்றாங்களே, அதுவும் அரிசிதானே? – வாசகி, கும்பகோணம்

பதில்: அரிசிதான். ஆனா உடைச்சு கிளறிட்டா அது பலகாரக் கணக்குல சேர்ந்துடும், நம்ம பாட்டிங்க வசதியா கண்டுபிடிச்ச வழி, நான் கேள்வி கேக்கறதில்ல. தொட்டுக்க கத்திரிக்காய் கொத்சு வைங்க, அதுக்கு மேல எதுவும் வேணாம்.

கேள்வி: மிஞ்சின உப்புமா மத்தியானத்துக்குள்ள கல்லு மாதிரி ஆயிடுதே? – வாசகி, திருநெல்வேலி

பதில்: ஆறினா அரிசிப் பண்டம் எதுவும் இறுகத்தான் செய்யும். சுடு தண்ணி கொஞ்சம் தெளிச்சு பிசைஞ்சு, கையில பிடிச்சு உருட்டி, இட்லித் தட்டுல 10 நிமிஷம் ஆவில வைங்க. பிடி கொழுக்கட்டை ரெடி, திருச்சி வாசகியோட களி உப்புமாவுக்கும் இதே வைத்தியம்தான்.